பதினைந்தாவது குறி

ஜூன் 5, திங்கள்

இன்றிலிருந்து இதைக் கம்ப்யூட்டரில் எழுதப் போகிறேன். டைரி எழுதும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. புது விசைகள் கைக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். "தினம் அரை மணி நேரம் எதையாவது அடிங்க வடிவு. சமையல் குறிப்பாச்சும் அடிங்க. விரல் தானாப் போகணும்" என்று ஜெசிந்தா மேடம் சொன்னார். ரசம் வைப்பது எப்படி என்று அடிப்பதற்கு இது பரவாயில்லை.

வேலை இதுதான். மேடம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மொழியியல் பேராசிரியர். ஆபத்து நேரத்தில் மக்கள் போனில் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார். ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம் தன் பழைய அழைப்புப் பதிவுகளில் நூற்றிருபதைக் கொடுத்திருக்கிறது. அழைத்தவர்களிடம் சம்மதம் வாங்கியாயிற்று. பெயரும் ஊரும் வரும் இடத்தில் 'பீப்' போட்டாயிற்று. போன் எடுத்த பணியாளர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக, அந்தக் குரல்களை மட்டும் தடிமனாக மாற்றியிருக்கிறார்கள். நானும் மெஹருன்னிசாவும் அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்க வேண்டும். குரல் எங்கே ஏறியது, எங்கே தழைந்தது, எங்கே நடுங்கியது, எத்தனை விநாடி யாரும் பேசவில்லை, எல்லாவற்றுக்கும் குறி உண்டு. மொத்தம் பதினாலு குறி. ஒன்றுகூடக் கீபோர்டில் கிடையாது.

குறிகளை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நகலெடுத்து ஒட்டச் சொன்னார் மேடம். அரைப் பக்கம் அடிக்க ஒரு மணி நேரம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மதியம் உட்கார்ந்து வலது ஆல்ட்டைக் கூட்டு விசையாக மாற்றினேன். அதைத் தட்டிவிட்டு அடுத்து இரண்டு எழுத்தைத் தட்டினால் ஒரு குறி விழும். எந்த எழுத்துகளுக்கு எந்தக் குறி என்று ஒரு சின்னக் கோப்பில் வரிவரியாக எழுதினால் போதும். கூட்டு, யூ, யூ என்றால் ↑, குரல் ஏறுகிறது. கூட்டு, டி, டி என்றால் ↓, இறங்குகிறது. கூட்டு, ஓ, ஓ என்றால் °, முணுமுணுப்பு. நடுக்கத்துக்கு ∿.

மெஹர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயது இருக்கும், எம்.ஏ. படித்தவள். "இதெல்லாம் எங்கக்கா படிச்சிய?"

"பழைய ஆபீஸ்ல எல்லாமே விசைதான். மௌஸத் தொட்டா ஏச்சு விழும்."

"எந்த ஆபீஸு?"

"போன் எடுக்குத வேலை."

மேடமும் இதோடு விட்டுவிட்டார். எந்தப் போன் என்று அவரும் கேட்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

மூச்சுச் சத்தத்துக்குக் 'கூட்டு, எச்' என்று கொடுத்திருந்தேன். பெருமூச்சுக்குக் 'கூட்டு, எச், ஆர்'. பெருமூச்சு வரவே இல்லை. எச்சைத் தட்டியதுமே மூச்சு விழுந்துவிடுகிறது, ஆருக்கு வேலையில்லை. குட்டித் தொடர், அதிலேயே ஆரம்பிக்கிற நீளத் தொடரைப் பிறக்கவே விடாது. இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றையும் இரண்டு எழுத்தாக்கினேன்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இந்தக் குறி எப்போது வரும் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அந்தக் கோப்பு இப்போது மூன்று கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஒன்றில் திருத்தினால் மூன்றிலும் மாறும்.

வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை போதும் என்றார். ↑தோசை, ↓போதும். விரல் பழகுகிறது.

ஜூன் 9, வெள்ளி

பதினெட்டுப் பதிவு முடிந்தது. ஒவ்வொன்றையும் ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேர் காதும் ஒத்துப்போனால்தான் மேடம் கையெழுத்துப் போடுவார்.

ஒரு பதிவில் பணியாளர் விலாசம் கேட்பதற்கு முன்னால் "மூச்சு இருக்கா?" என்று கேட்டார். நான் என்னை அறியாமல், "மொத விலாசத்த வாங்கணும், அப்பந்தான் வண்டி கிளம்பும்" என்றேன். மெஹர் ஹெட்போனைக் கழற்றி, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

டி.வி.யில் பார்த்தேன் என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

விசேஷம் ஒன்றும் இல்லை. சாரல். 31ஆம் எண் பதிவு மெஹருக்குப் போயிருக்கிறது.

ஜூன் 15, வியாழன்

மெஹர் 31ஐ முடித்துவிட்டாள். முடித்த கையோடு என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"வயசான மனுசன்க்கா. பொண்டாட்டி அடுக்களைல விழுந்து கிடக்கா, மூச்சு இல்ல. பணியாளர் நெஞ்ச அமுக்கச் சொல்லி, கூடவே ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுதாவ. நல்லாத்தான் போவுது. திடீர்னு இவரு கைய எடுத்துட்டாரு! யாரும் சொல்லல, தானா எடுத்துட்டாரு. ஏன்னு கேட்டு அவிய ஏசுதாவ. ஏசத்தான செய்வாவ?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"இன்னொரு கூத்து கேளுங்க. குரல மாத்துனதுல பணியாளர் பேசுதது ஆம்பள மாதிரி இருக்கு. இவரு 'அம்மா, அம்மா'ங்காரு. எனக்கு ஒரு நிமிசம் சிரிப்பு வந்துட்டு. அப்புறம் சிரிச்சதுக்கு வெக்கமாப் போச்சு."

நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

ஜூன் 17, சனி

வீட்டில் துவைத்தேன், மாவு அரைத்தேன், ஒட்டடை அடித்தேன். வீட்டுக்காரர் ஃபேன் சுவிட்சைப் போட்டார். ட்டிக். நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். "என்னட்டி, ஷாக் அடிச்சுட்டா?" என்றார். இல்லை என்றேன். சாயங்காலம் பேனாவை வைத்துக்கொண்டு ட்டிக் ட்டிக் என்று அமுக்கிக்கொண்டே பேப்பர் படித்தார். பேனாவைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.

அவர்: என்னத்துக்குட்டி இப்பம்?
(2.4)
நான்: °ஒண்ணுமில்ல.°
(1.8)
அவர்: ↓சரி.

வீட்டுப் பேச்சையும் இப்படி எழுத ஆரம்பித்துவிட்டேன். மனுஷர் பேசாமல் இருக்கும் விநாடியெல்லாம் எனக்குள் ஓடுகிறது. குழம்பு கொதிக்கும்போதும் எண்ணுகிறேன்.

ஜூன் 19, திங்கள்

சரிபார்க்க 31 என்னிடம் வந்தது. வராமல் எங்கே போகும்.

கேட்டேன். என் பேச்சு ஒரு ஆம்பளைக் குரலில் வருகிறது. ஆனால் என் பேச்சுத்தான். "என்கூட சேந்து அமுக்குங்க" என்று சொல்லும்போது 'சேந்து'வில் ஒரு இழுப்பு இழுப்பேன், அது அப்படியே இருக்கிறது.

எழுதிவிட்டேன். இனி மறைத்து என்ன. அந்த நிறுவனத்தில் நான் மூன்று வருஷம் போன் எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டேன்.

மெஹர் எழுதியதை அழித்துவிட்டு நான் கேட்டபடி மறுபடி அடித்தேன்:

பணியாளர்: என்கூட சேந்து அமுக்குங்க. நான் எண்ணுத வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
அழைத்தவர்: ∿சரிம்மா.∿
பணியாளர்: ஒண்ணு, ரெண்டு, மூணு
(ட்டிக்)
(3.1)
அழைத்தவர்: நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
(2.0)
அழைத்தவர்: ↑அம்மா?
(4.2)
அழைத்தவர்: எண்ணுங்கம்மா. எனக்குத் தப்பிப் போவுது.
(5.5)
அழைத்தவர்: °நிறுத்தணுமோ என்னமோ.°
(3.8)
அழைத்தவர்: ஏ (பீப்), அவிய எண்ணுதத நிறுத்திட்டாவ. ↓அப்பம் போதும் போல இருக்கு.
(21.0)
(ட்டிக்)

அவர் தனக்குள் பேசியதைத் தெளிவில்லை என்று மெஹர் விட்டிருந்தாள். அந்த ட்டிக்கையும் எழுதவில்லை. லைன் கோளாறு என்று விட்டிருப்பாள். அது ஹோல்டு விசையின் சத்தம். அங்கே வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். ஹோல்டில் போட்டால் நமக்கு அவர்கள் பேசுவது கேட்காது, அவர்களுக்கு நம் சத்தம் கேட்காது. பாட்டுக்கூட வராது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐம்பத்திரண்டு விநாடி. அதில் அவர் என்ன சொன்னார் என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

ஜூன் 21, புதன்

ஹோல்டில் போட்டது ஓட்டுநருக்கு வழி சொல்ல. அது நடைமுறைதான். எல்லாரும் செய்வதுதான்.

ஜூன் 22, வியாழன்

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சம்மதப் படிவத்தில் கடைசியில் ஒரு கேள்வி உண்டு, நகல் வேண்டுமா என்று. நூற்றிருபது பேரில் ஒரே ஒருவர்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். 31.

"தங்கையான்னு பேரு. வீரவநல்லூர். பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். நேத்து போன்ல பேசினேன்" என்றார் மேடம். "மனைவி போனதுல இருந்து மகன் இவரோட முகம் கொடுத்துப் பேசுறதில்லையாம். இவரே மகன்கிட்டச் சொல்லியிருக்கார், நான் பாதியில கைய எடுத்துட்டேன்லன்னு. 'நான் எங்க தப்பு செஞ்சேன்னு எழுத்துல பாக்கணும்மா, அவனுக்கும் காட்டணும்'னார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"பாவம்" என்றாள் மெஹர். "ஆனா மேடம், கைய எடுத்தது அவருதான."

மேடம் என்னைப் பார்த்தார். "வடிவு, அதை நீங்க சரிபார்த்தாச்சா?"

"ரெண்டு மூணு இடம் தெளிவில்ல மேடம்" என்றேன்.

தெளிவில்லாத பேச்சுக்கும் குறி வைத்திருக்கிறோம். கூட்டு, க்யூ, க்யூ. மூன்றே தட்டு. ஐம்பத்திரண்டு விநாடிக்கும் அதைப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. மதியம் போட்டேன். ⍰ ⍰ ⍰ என்று வரிசையாக நின்றது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அழித்துவிட்டுப் பழையபடி மெஹரின் வரியைப் போட்டேன்: 'அழைத்தவர் தானாக நிறுத்துகிறார்.' அதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்று மட்டும் இல்லை. அந்த மனுஷர் குரல் நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் நிற்கிறது. கூட்டு விசையைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி வருமே, அதற்குள் வந்து "அம்மா?" என்கிறது.

ஜூன் 23, வெள்ளி

ஓட்டுநருக்கு வழி சொல்லப் போகவில்லை. வண்டி நாலு நிமிஷம் முன்பே கிளம்பிவிட்டது, வழியும் அவருக்குத் தெரியும்.

பக்கத்து வரிசையில் ரெபேக்காளுக்குப் பிறந்த நாள். மத்தியானம் இரண்டு நாற்பதுக்குக் கேக் வெட்டினார்கள். "வடிவக்கா, ஒரே ஒரு நிமிசம், போட்டோவுக்கு நில்லுங்க" என்று கூப்பிட்டார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே ஹோல்டைத் தட்டினேன். எண்ணுவது ஒரே மாதிரிதானே போய்க்கொண்டிருக்கிறது, அவர் பாட்டுக்கு அமுக்குவார் என்று நினைத்தேன். எழுந்து போனேன், நின்றேன், சிரித்தேன். ஒரு துண்டு கேக்கை வாயில் வைத்தார்கள். திரும்பி வந்து தட்டினேன்.

அதற்கப்புறம் உள்ளதைத் திங்கட்கிழமை நான் அடிக்கவில்லை. இப்போது அடிக்கிறேன்:

பணியாளர்: ம். அமுக்குதியளா?
அழைத்தவர்: இல்லம்மா. கைய எடுத்துட்டேன்.
பணியாளர்: ↑ஏன் எடுத்திய? நான் நிறுத்தச் சொன்னேனா? ↑சொன்னேனா?
(2.7)
அழைத்தவர்: °தப்புதாம்மா.°

அந்த 'ம்'மில் வாயில் கேக் இருக்கிறது. மாற்றின குரலிலும் கேட்கிறது.

வண்டி ஆறு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. விடாமல் அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாது என்பதையே இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் ஏசினேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் ஏன் கையை எடுத்தார் என்பது தெரியாது. நான் எண்ணுகிற வரைக்கும் எடுக்கக் கூடாது என்று சொன்னவள் நான். நான் எண்ணுவதை நிறுத்தினேன், அவர் கையை எடுத்தார். சொன்ன சொல் தட்டாமல் செய்திருக்கிறார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த வேலைக்கு விளம்பரம் பார்த்தபோதே அது எந்த நிறுவனத்துப் பதிவு என்று எனக்குத் தெரியும். அந்த நூற்றிருபதில் இந்த அழைப்பு இல்லை என்று உறுதி பண்ணிக்கொள்ளத்தான் வந்தேன்.

ஜூன் 26, திங்கள்

பதினாலு குறியில் இதற்குக் குறி இல்லை.

பேசாமல் இருப்பதற்குக் குறி உண்டு. அதைப் போட்டால் இரண்டு பேரும் போனில் இருந்தார்கள், பேசவில்லை என்று அர்த்தம். அது பொய். அழைப்பு துண்டிக்கப்பட்டதற்குக் குறி உண்டு. அதுவும் பொய், லைன் திறந்துதான் இருந்தது. ஆள் இல்லாத லைனுக்கு ஒன்றுமே இல்லை. குறிகளை வகுத்தவர்கள் அப்படி ஒன்று நடக்கும் என்று நினைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வெற்றுக்கணம் என்று படித்த குறி ஞாபகம் வந்தது, வட்டமும் குறுக்கே ஒரு கோடும். கோப்பைத் திறந்தேன். பதினைந்தாவது வரி. கூட்டு, எக்ஸ், எக்ஸ். சேமித்துவிட்டுத் தட்டினேன், எக்ஸ் எக்ஸ் என்றே விழுந்தது. எல்லாவற்றையும் மூடித் திறந்தால்தான் புது வரியைப் படிக்கும் என்பதை மறந்துவிட்டேன். மூடித் திறந்தேன். இப்போது வெறும் கட்டம் வந்தது, எழுத்துருவில் அந்தக் குறி இல்லை. எழுத்துருவை மாற்றினேன்.

∅

வந்துவிட்டது. பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும், எப்போது இந்தக் குறி வரும் என்று. நான் வைத்த வழக்கம்தானே. நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். கடைசியில் இப்படி வைத்தேன்:

'லைன் திறந்திருக்கிறது. பணியாளர் அங்கே இல்லை. அழைத்தவருக்கு அது தெரியாது.'

31இல் முதல் ட்டிக்கிலிருந்து இரண்டாவது ட்டிக் வரை பணியாளர் பக்கம் முழுக்க ∅ போட்டேன். மொத்தம் பதினொன்று. சேமித்தேன். மூன்று கம்ப்யூட்டரிலும் மாறியிருக்கும்.

ஜூன் 27, செவ்வாய்

பத்தரைக்கு மெஹர் கேட்டாள்.

"யக்கா, புதுசா ஒரு குறி வந்திருக்கே. நீங்க போட்டதா?"

"ஆமா."

"பணியாளர் அங்க இல்லன்னு போட்டிருக்கிய. அது எப்படித் தெரியும்?"

"அந்த ட்டிக் சத்தம். அது ஹோல்டு."

"ஹோல்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பணியாளர் நான்தான் மெஹரு."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். வயரை விரலில் சுற்றிச் சுற்றி மேசையில் வைத்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள். மதியம் சாப்பிடும்போது எப்போதும் அவள் டப்பாவில் பாதி எனக்கு வரும். இன்றைக்கு அவள் மாடியில் போய்ச் சாப்பிட்டாள். நியாயம்தான். எனக்கு வலித்தது, ஆனால் நியாயம்தான்.

மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், "தானா நிறுத்துதாருன்னு எழுதுனது நானு" என்றாள். "அத நானே எடுக்கேன். நீங்க தொடாதிய." அழித்துவிட்டு, தன் பெயருக்குக் கீழே திருத்தம் என்று தேதி போட்டாள். அப்புறம் மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை.

ஜூன் 28, புதன்

மேடத்திடம் சொன்னேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விண்ணப்பத்துல எழுதலையே வடிவு."

"எழுதல மேடம்."

"உங்களை இந்தத் திட்டத்துல இனிமே வெச்சுக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

அந்தப் பக்கத்தை அச்செடுத்து மூன்று முறை படித்தார். பென்சிலால் ஒவ்வொரு ∅ மேலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். "இது சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "சனிக்கிழமை நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"நான் கொண்டு போறேன் மேடம்."

"அவர் என்ன செய்வார்னு தெரியாது."

"செய்யட்டும்."

தனியாகப் போகக் கூடாது, நானும் வருகிறேன் என்றார்.

ஜூன் 30, வெள்ளி

கடைசி நாள். விசைக் கோப்பை ஒரு தடவை சரி பார்த்தேன். பதினைந்து வரியும் வேலை செய்கிறது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். எத்தனை விநாடி என்று நான் எண்ணவில்லை. "போயிட்டு வா" என்றார்.

ஜூலை 1, சனி

காலையில் மேடத்தின் காரில் வீரவநல்லூர். இதை வீட்டுக்கு வந்ததும் அடிக்கிறேன், மறக்கும் முன்.

சின்ன வீடு. தங்கையா உயரமான மனுஷர், கண் ஆபரேஷன் ஆனதால் கறுப்புக் கண்ணாடி. முன்னறையில் அந்த அம்மாள் படம், எஸ்தர் பாக்கியம் என்று கீழே பெயர். இத்தனை நாள் 'பீப்' என்று கேட்டது இந்தப் பெயர்தான் போல. நான் அந்தப் படத்துக்கு நேரே உட்கார வேண்டியதாயிற்று.

"எழுத்து பொடியா இருக்கு, எனக்குத் தெரியாது. நீங்களே வாசிங்கம்மா" என்றார்.

வாசித்தேன். குரல் ஏறுகிற இடம், நடுங்குகிற இடம் எல்லாம் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"இந்த இடத்துல ஒரு குறி போட்டிருக்குய்யா. ஒரு வட்டம், குறுக்க கோடு. பதினோரு தடவ இருக்கு."

"என்னது அது?"

"போன் எடுத்த பொம்பள அங்க இல்லன்னு அர்த்தம். உங்கள ஹோல்டுல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நீங்க பேசுனது ஒண்ணும் அவளுக்குக் கேக்கல. அவ எண்ணுதது உங்களுக்குக் கேக்கல. எண்ணவும் இல்ல. ஐம்பத்திரண்டு விநாடி." தாளிலிருந்து நிமிர்ந்தேன். "அது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கே பார்ப்பது என்று தெரியாதவர் போல என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"எங்க போனிய?"

"கேக் வெட்டுனாவ. போட்டோவுக்குக் கூப்பிட்டாவ."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீங்கதான் என்ன ஏசுனது?" என்றார்.

"நான்தான்."

"நிறுத்தச் சொன்னேனான்னு கேட்டிய."

"கேட்டேன். தப்பு என்னுது. நீங்க நான் சொன்னபடிதான் செஞ்சிய. நான் எண்ணுதத நிறுத்துனேன், நீங்க கைய எடுத்திய. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவரும் அதைக் கேட்கிற மாதிரி இல்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. உள்ளங்கை இரண்டையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தடவித் தடவி ஒரு எண்ணை அமுக்கினார். என்னிடம் நீட்டினார்.

"ஜெபான்னு எம்மவன். ஓசூர்ல இருக்கான். நான் பண்ணா எடுக்க மாட்டான், எடுத்தாலும் பேச மாட்டான். நீங்க பேசுங்க. எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் விட்டுராதிய."

பத்து தடவைக்கு மேல் அடித்த பிறகு எடுத்தான். "என்னப்பா?" என்று ஒரு சலிப்பு.

நான் என் பெயரைச் சொன்னேன். யாரென்று சொன்னேன். கேக், போட்டோ, ஹோல்டு, நான் ஏசினது, எல்லாம் சொன்னேன். "அப்பா தானா கைய எடுக்கல. நான்தான் எண்ணுதத விட்டுட்டுப் போனேன். எழுத்துல இருக்கு, பேராசிரியர் கையெழுத்தோட இருக்கு" என்றேன்.

நான் காத்திருந்தேன். கடைசியில், "போன அப்பாட்டக் குடுங்க" என்றான்.

கொடுத்தேன். தங்கையா போனைக் காதில் வைத்து எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். அந்தப் பக்கம் அவன் அழுவது எனக்கே கேட்டது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏல," என்றார். "நீ மொதல்ல அழுது முடி. நான் வைக்க மாட்டேன்."